பன்னி யாரோடது?

போன கார்த்திகை. அகல் விளக்கு சீசன். விருத்தாசலத்தில் நான் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியில் சூளை அடுக்கி முடிக்க ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது. மழையில் பாதை சேறாகக் கிடந்ததால் வண்டியைச் சித்தப்பா வீட்டில் நிறுத்திவிட்டு, எங்கள் கொல்லை வழியாகக் குறுக்கே நடந்தேன். முழங்காலுக்குக் கீழே ஏதோ தட்டியது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், கட்டுக்கம்பி. மக்காச்சோளத்தைச் சுற்றிக் குச்சி நட்டு இழுத்துக் கட்டியிருந்தது. மறுமுனை மோட்டார் கொட்டகைக்குள் போனது.

கரண்ட் கொடுத்திருக்கவில்லை. கம்பியைக் கட்டி முடித்த அப்பா, "ஈரமா இருக்கு, நாளைக்கு மாட்டிக்கலாம்" என்று படுத்துவிட்டாராம். நான் உயிரோடு இருப்பதற்கு அது ஒன்றுதான் காரணம்.

அந்தக் கம்பிக்கு முன்னால் அவர் செய்து பார்க்காதது இல்லை. பழைய புடவைகளை வேலியாகக் கட்டினார். சலூனில் முடி அள்ளிவந்து வரப்பில் போட்டார். தகரம் தட்டினார். நாலு நாள் பன்னி வராது. அஞ்சாம் நாள் புடவையை முட்டிக்கொண்டு வரும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு கூட்டம் இறங்கினால், தின்பதைவிட மிதித்துச் சாய்ப்பதுதான் அதிகம். மல்லாட்டைக் கொல்லை என்றால் ஏர் ஓட்டின மாதிரி கிளறிவிடும்.

மறுநாள் கம்பியை அவிழ்க்கச் சொன்னேன். "என் நிலம், என் பயிரு. பன்னி யாரோடது?" என்றார்.

அதற்குப் பதில் தேடித்தான் சட்டத்தைப் படித்தேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில். அனுமதியில்லாமல் கொன்றால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். நம் பட்டா நிலம் என்பதால் எதுவும் மாறாது. வேட்டையாடப்பட்ட விலங்கு அரசின் சொத்து. மனிதர் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை. பயிரைக் காக்க என்றால் பிரிவு 11இன் கீழ் முதலில் எழுத்தில் அனுமதி வேண்டும்.

அந்த அனுமதியை யார் கொடுப்பது என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம். கேரளம் 2022இல் அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. பீகாரிலும் உத்தராகண்டிலும் மத்திய அரசே குறிப்பிட்ட காலத்துக்குப் பன்றியைத் தீங்குயிர் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாடு தூரத்தை வைத்து. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு மேல் என்றால் சுடலாம். அதையும் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள்தான் செய்ய வேண்டும்.

போனில் அளந்தேன். நாலு கிலோமீட்டருக்கு மேல் காட்டியது. அப்பா சிரித்தார். "காட்டுலேர்ந்தா வருது? ஏரிக்குள்ள கருவ மண்டிக் கிடக்கே, அங்கயே குட்டி போட்டு அங்கயே கெடக்குது."

ஆனாலும் மனு எழுதினோம். மிதிபட்ட பயிரைப் படம் எடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போனார். அறுவடை முடியும்வரை சுட யாரும் வரவில்லை. ஒன்றரை ஏக்கரில் பாதிதான் வீடு வந்தது.

சட்டம் எங்களைக் காப்பாற்றிவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது. மனு ஆபீசில் கிடக்கும். பன்னி அன்றைக்கு ராத்திரியே வரும். இந்த இடைவெளியில்தான் கம்பி கட்டுகிறார்கள், கம்பியில் மனிதர்கள் சாகிறார்கள். ஆனால் எதைச் சுடுகிறோம் என்று பார்த்து, அதற்குப் பதில் சொல்ல ஒரு ஆள் அங்கே நிற்க வேண்டும் என்கிற அளவில் அந்தச் சட்டம் சரி என்றே படுகிறது. கம்பி ஆள் பார்க்காது.

அப்பா அதை அவிழ்த்துச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். கம்பெனியில் விளக்குப் பெட்டி கட்ட ஆயிற்று. அறுவடைவரை அவர் கட்டிலைப் போட்டுக் கொல்லையிலேயே படுத்தார். நான் லேட்டாக வரும் ராத்திரிகளில் சோளத்தட்டை அசைந்தால் டார்ச் அடித்து, "யாரு?" என்பார்.

"நான்தாம்ப்பா" என்று சொல்லும்வரை அசையாமல் நிற்பேன்.