வரிப்பத்தான்சேனை வழியில் ஒரு மாலை

தமிழ் பேசும் ஊருக்குப் போகிறவன் தன்னை அந்நியனாகக் கருதுவதில்லை. அது இன்பமான மயக்கம். ஆனால், மோட்டார் வண்டி ஓட்டிச் செல்பவனுக்கு அதுவே அபாயமான மயக்கமும் ஆகிவிடும். இதை நாங்கள் கற்றுக்கொண்ட இடம் கிழக்கிலங்கையில், அம்பாறை மாவட்டத்து இறக்காமத்தை அடுத்த வரிப்பத்தான்சேனை.

முன்பு வளைகுடா நாட்டில் எங்களுடன் பணிபுரிந்த நண்பர் ஒருவர் தம் மகளின் திருமணத்துக்கு அழைத்திருந்தார். நெல்லைச் சீமையிலிருந்து நாங்கள் மூவர் புறப்பட்டோம். கொழும்பில் வாடகைக்கு வண்டி எடுத்து நாங்களே ஓட்டிச் செல்வது என்று தீர்மானித்தோம். இந்தியாவைப் போலவே இலங்கையிலும் இடப்பக்கமே வண்டி ஓட்டுகிறார்கள். ஆகையால் கவலை எதற்கு என்றிருந்தோம். கவலைப்பட்டவர் நண்பர் ஒருவரே. வளைகுடாவில் பல ஆண்டுகள் வண்டி ஓட்டிய அவர், தொலைபேசியில் ஒரு பட்டியலே சொன்னார்.

1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையை ஒட்டிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே பெற்றுக்கொள்ள வேண்டும். அது ஓராண்டுக்குத்தான் செல்லும். இலங்கையில் அது மட்டும் போதாது. அங்கீகாரமோ தற்காலிக அனுமதிப்பத்திரமோ வேண்டும். 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அப்பத்திரம் வழங்கும் ஏற்பாடு தொடங்கியது. அடுத்தது காப்புறுதி. வெளிநாட்டார் ஓட்டினாலும் அது செல்லுமா, சேதம் நேர்ந்தால் முதலில் நம் கையிலிருந்து எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வண்டியை எடுக்கும்போதே நாற்புறமும் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். பொலிசுக்கு 119, ஆம்புலன்சுக்கு 1990 என்ற எண்களைக் காகிதத்தில் எழுதி, கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும். நாங்கள் சற்றே சிரித்துக்கொண்டுதான் இவற்றையெல்லாம் செய்தோம்.

கண்டியைக் கடந்து, மகியங்கனைக்கு மேலுள்ள கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் நெஞ்சு படபடக்க இறங்கினோம். அம்பாறையை அடைந்ததும் பூமி சமதளமாய் விரிந்தது. இருமருங்கும் வயல்கள், வாய்க்கால்கள், கொக்குக் கூட்டங்கள். ஒரு காலத்தில் காடு வெட்டிப் புன்செய் விளைத்த இடங்களுக்கே இப்பகுதியில் சேனை என்று பெயர். இன்று எங்கும் நெல்தான். அறுவடைக் காலமாதலால் தார்ச்சாலையின் ஓரத்திலேயே நெல்லைப் பரப்பி உலர்த்தியிருந்தார்கள். மாடுகள் அசைந்து வரும். பின்விளக்கில்லாத உழவு இயந்திரங்கள் ஊர்ந்து செல்லும். அந்தி சாய்ந்தால் யானை வரக்கூடும் என்று எச்சரித்திருந்ததால் சற்று விரைந்தோம்.

மலையில் நேராதது சமவெளியில் நேர்ந்தது. ஒழுங்கை ஒன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் சைக்கிளில் திரும்பினான். தடையை மிதித்தோம். சக்கரம் சாலையோர நெல்லில் ஏறிச் சறுக்கியது. வண்டி அவனுடைய சைக்கிளின் பின்சக்கரத்தில் மோதி நின்றது. பையன் கையை ஊன்றியபடி விழுந்தான்.

எங்கிருந்தோ இருபது பேர் கூடிவிட்டார்கள். உண்மையைச் சொல்லுகிறோம்: அக்கணத்தில் எங்கள் உள்ளத்தில் எழுந்தது, கையிலிருந்த பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்ற எண்ணமே. இருட்டப் போகிறது, அந்நிய நாடு, வழக்கு என்று வந்தால் என்ன ஆவது! கூட்டத்தில் ஓரிருவரும் அவ்வாறே யோசனை சொன்னார்கள். பையனும் எழுந்து நின்று, ஒன்றுமில்லை என்றான்.

தொப்பியணிந்த முதியவர் ஒருவர் முன்னே வந்தார். "பதறாதீங்க மகன். இப்ப காசத் தந்திட்டுப் போயிருவீங்க. நாளைக்குப் பிள்ளைக்குக் கை வீங்கினா நாங்க யாரிட்டப் போய்க் கேக்கிற? ரெண்டு பேருக்கும் நல்லது, பொலிசுக்குச் சொல்லுங்க" என்றார்.

வெட்கத்துடன் 1990ஐ அழைத்தோம். 2016இல் இந்திய அரசின் நன்கொடையோடு தொடங்கி, பின்பு இலங்கை முழுவதும் பரவிய சுவசெரிய என்னும் இலவச ஆம்புலன்ஸ் சேவை அது. பிறகு 119ஐயும், வண்டி தந்தவரையும் அழைத்தோம். வண்டியை நகர்த்தாமல், சக்கரத் தடத்தையும் சைக்கிள் கிடந்த நிலையையும் படமெடுத்தோம். பிழை யாருடையது என்று யாரோடும் வாதிக்கவில்லை. காயம்பட்டவனுக்கு இரங்குவது வேறு, பிழையைத் தீர்ப்பது வேறு.

பொலிசாரிடம் எங்கள் பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையிலிருந்து எடுத்து நீட்ட முடிந்தது. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்டோம்; எழுதினார்கள். படித்துப் பார்த்த பிறகே கையொப்பமிட்டோம். தெரியாத மொழியில் எழுதியதில் கையொப்பமிடுவது எந்த நாட்டிலும் தகாது.

இரவு வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்தபோது, பையனின் மணிக்கட்டு எலும்பில் கீறல் இருப்பது தெரிந்தது! பணத்தைத் தந்துவிட்டு நாங்கள் போயிருந்தால் அவன் வலியோடு உறங்கியிருப்பான். நாங்களோ ஓடிப்போன அந்நியர்கள் ஆகியிருப்போம். விபத்து நடந்த இடத்தில் நிற்பதும், காயம்பட்டவருக்கு உதவுவதும், பொலிசுக்கு அறிவிப்பதும் சட்டம் விதித்த கடமை. அந்தப் பதிவே பின்னர் காப்புறுதிக்கும் ஆதாரமாகிறது.

திருமண வீட்டில் நண்பர் இதைக் கேட்டுத் தலையசைத்தார். இப்பகுதியிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் சாரதி வேலைக்கு வளைகுடாவுக்குப் போகிறார்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஐக்கிய அரபு நாடுகளில் அடிபட்ட வண்டியைத் திருத்தவும் பொலிஸ் தாள் வேண்டும். பொலிசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 998. சவூதியில் ஆம்புலன்சுக்கு 997. பெட்டி கட்டும்போதே பிள்ளைகளுக்கு இவற்றை எழுதிக் கொடுங்கள் என்று அவர் பெற்றோரிடம் சொல்வாராம்.

மறுநாள் திருமணப் பலகாரத்தோடும் பழுது பார்த்த சைக்கிளோடும் பையன் வீட்டுக்குப் போனோம். கட்டுப்போட்ட கையோடு அவன் வாசலுக்கு ஓடிவந்தான். அவனுடைய உம்மா, "இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்றார். முதல்நாள் ஓடியிருந்தால் அந்த வாசலில் எங்களால் நிமிர்ந்து நின்றிருக்க முடியாது. அமர்ந்து, இரண்டாம் கோப்பையும் வாங்கிக் குடித்தோம்.