உயிர்த்தண்ணி

செட்டிகுளத்தில் எங்கள் காடு இரண்டு துண்டாக இருந்தது. கிணற்றை ஒட்டியது செவக்காடு, அதில் சின்ன வெங்காயம். ஓடைக்கு அந்தப் பக்கம் கரிசக்காடு. வானம் பார்த்த அந்தப் பூமியில் நான் சிறுமியாக இருந்தபோது சோளமும் மல்லியும் போட்டார்கள், பிறகு பருத்தி வந்தது, அதற்கும் பிறகு மக்காச்சோளம். அப்போது நாங்கள் திருச்சி மாவட்டத்துக்காரர்கள். 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-இல் எங்களைப் பிரிந்து போய், மறு வருஷமே திரும்பி வந்து சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. கடித உறையில் மாவட்டத்தின் பெயரை மாற்றி மாற்றி எழுதினோம். காட்டு வேலை மட்டும் எப்போதும் போலப் பட்டம் பார்த்தே நடந்தது.

வெங்காயத்துக்கு வைகாசியில் ஒரு பட்டம், ஐப்பசி கார்த்திகையில் ஒரு பட்டம். வைகாசியில் நட்டது ஆடி, ஆவணிக்குள் கைக்கு வந்துவிடும். பிடுங்கிய வெங்காயத்தைத் தாளோடு சேர்த்துக் காட்டிலேயே காயவிடுவோம். அந்த வாசனை உடுப்பில் ஏறிவிட்டால் இரண்டு முறை துவைத்தாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை வீட்டில் அறுவடை என்று பக்கத்தில் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் பட்டறை போடுவது. மேட்டு இடத்தில் கற்களை வரிசையாக வைத்து, மேலே மரச்சட்டங்களும் குச்சிகளும் பரப்பி, காய்ந்த வெங்காயத்தைத் தாளோடு அதில் குவித்து, தட்டிகளால் சுற்றிலும் அணைத்து, தென்னங்கீற்றால் மூடுவார்கள். அடியிலும் பக்கத்திலும் காற்று ஓட வேண்டும், மேலே ஒரு சொட்டு மழை இறங்கக் கூடாது. விற்பனைக்கு உரியது அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். விதைக்கு என்று ஒதுக்கியதை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். விலை ஏறிய வருஷங்களில் வியாபாரி வாசலுக்கே வந்து கேட்பார். அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயி, தலையாட்டி மறுத்துவிடும். “அது போற வெங்காயம் இல்லைங்க, வர்ற வெங்காயம்” என்று சொல்லும்.

பிடுங்கிய வெங்காயத்தை அன்றைக்கே திரும்ப மண்ணில் வைத்தால் சரியாக முளைக்காது. அதற்கு இரண்டு மூன்று மாத உறக்கம் தேவை. அந்த உறக்கம் முடிந்தபின் ஒன்றை நட்டால், அது பல காய்களாகப் பிரிந்து ஒரு கொத்தாகத் தரும். பட்டறையில் அது சும்மா கிடப்பதாகச் சிறு வயதில் நினைத்திருந்தேன். பிறகு தாவரவியல் படித்தபோதுதான் உள்ளே அது அடுத்த முளைக்கு ஆயத்தமாகிறது என்று புரிந்தது. அப்பாயிக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே அது தெரிந்திருந்தது.

எங்கள் அப்பாயி இளம் வயதிலேயே தாத்தாவை இழந்தது. அப்பாவுக்கு அப்போது விவரம் தெரியாத வயது. சோளம் மட்டும் போட்டுக்கொண்டிருந்த குடும்பத்தில், கிணற்றை ஆழப்படுத்தி வெங்காயத்துக்கு மாறியது அப்பாயிதான். பயமில்லாமல் அதைச் செய்ததாக அது ஒருநாளும் சொன்னதில்லை. “பயந்துக்கிட்டேதான் நட்டேன்” என்றுதான் சொல்லும். மாற்றத்தைப் பற்றி எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் எனக்கு எதுவும் நிற்கவில்லை.

கோடைக்குப் பிறகு முதல் மழை விழுந்து இரண்டொரு நாளில் காட்டில் தம்பலப்பூச்சி வரும். சிவப்புப் பட்டுத் துணியில் கத்தரித்து எடுத்ததுபோல இருக்கும். வருஷத்தின் பெரும்பகுதி அது மண்ணுக்குள்தான் வாழ்கிறது. மண் நனைந்ததும் மேலே வந்து, அதே ஈரத்தில் கிளம்பும் ஈசலைத் தின்று, மறுபடியும் கீழே போய்விடுகிறது. நாங்கள் தீப்பெட்டியில் பிடித்து வைப்போம். அப்பாயி திறந்து விடச் சொல்லும். “அதுக்கு இருக்கறதே நாலு நாளு, அதையும் பெட்டியில கழிக்கச் சொல்றியா?”

நான் திருச்சியில் விடுதியில் தங்கிக் கல்லூரி படிக்கப் போன வருஷம், வைகாசிப் பட்டம் கொஞ்சம் பிந்தி ஆனியில் நடவு நடந்துகொண்டிருந்தது. காற்று தொடங்கிவிட்டது. வடமேற்கே நீலமாகத் தெரியும் பச்சைமலை புழுதியில் மங்கிப்போயிருந்தது. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் இருக்கும் பாடாலூருக்கு அந்தப் பக்கம் தனியாகப் போய் அறியாதவள் நான். கிளம்புகிற அன்று காலையில் காட்டுக்குப் போனேன். பெண்கள் வரிசையாகக் குனிந்து பாரின் இரண்டு பக்கமும் விதை வெங்காயத்தை ஊன்றிக்கொண்டு போனார்கள். அப்பாயி நிமிரவில்லை.

“பயமா இருக்கு அப்பாயி.”

“இருக்காதா பின்ன? பட்டறையிலேருந்து எடுத்து மண்ணுல வச்சா வெங்காயத்துக்கே ஒண்ணும் புரியாது. அதுக்குத்தான் மூணாம் நாளு உயிர்த்தண்ணி விடுறது.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி அது பாட்டுக்குக் கெடக்கும். போயிட்டு வா சாமி. நடவு நாளு, நான் பஸ்ஸுக்கு வர முடியாது.”

அப்போது கோபம்தான் வந்தது. விடுதியில் முதல் இரண்டு இரவும் தூங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா வந்து வாசலில் நின்றார், கையில் தூக்குவாளி. சுண்டக் காய்ச்சிய வெங்காயக் குழம்பு. அதிகம் பேசுகிறவர் இல்லை. மோட்டார் ஒழுங்காக ஓடுகிறது, நட்டது முடிந்தது, தண்ணீர் காலையில் கட்டியாயிற்று என்று சொன்னார். அப்பாயிதான் அன்றைக்கு அனுப்பியது என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு தூங்கினேன்.

நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், அதன்பின் மண்ணின் ஈரம் பார்த்து வாரம் ஒருமுறை. இடையில் அக்கறை மிகுதியில் கூடுதலாகப் பாய்ச்சினால் கிழங்கு அழுகும். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் எங்கள் ஊர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பது இதனால்தான். திருகல் நோய் வந்தால் தாள் பாம்பு மாதிரி முறுக்கிக்கொள்ளும், சில நாளிலேயே பாத்தி முழுக்கப் பரவும். மழையை வேண்டிக் கும்பிட்ட அதே ஆட்கள் போதும் சாமி என்று கும்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். பருவங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கெடுதலை விட்டுவிட்டுப் பூவையும் பனியையும் மட்டும் எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. பருவம் கொடுக்கும், எடுக்கும். எடுக்கும் என்று தெரிந்துதான் பட்டறை போடுகிறோம்.

மார்கழிப் பனியும் தைப் பருத்தியும் கடந்து மாசியில் எங்கள் வாசல் புங்கமரம் இலையைக் கொட்டும். பெருக்கிப் பெருக்கிக் கை வலிக்கும். பங்குனி பிறப்பதற்குள் கண்ணாடி மாதிரித் தளிர் விட்டிருக்கும். அடிக்கிற வெயிலில், மண்ணில் ஈரமே இல்லாத நேரத்தில் அந்தத் தளிர் எங்கிருந்து வருகிறது என்று இன்றைக்கும் எனக்கு வியப்பு உண்டு. முந்திய மழையில் ஆழத்தில் இறங்கியதை வேர் தேடி எடுக்கிறது என்று விளக்கம் சொல்லலாம். விளக்கம் தெரிந்ததால் வியப்பு குறையவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒருமுறை சாத்தனூர் கல்மரம் பார்க்க அழைத்துப் போனார்கள். நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, எங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறது. 18 மீட்டருக்கும் மேல் நீளமாகக் கல்லாய்க் கிடக்கும் மரம். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் சாத்தனூருக்கும் மேற்கே ஏறி வந்திருந்தது. ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த மரங்கள் மணலிலும் களிமண்ணிலும் புதைந்து கல்லாகிவிட்டன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதை உலகுக்குச் சொன்னார். பக்கத்துக் காரையிலும் குளக்காநத்தத்திலும் ஓடைக்கரையில் கடல் சிப்பி பொறுக்கலாம். நாங்கள் சோளம் விதைத்த சீமை ஒரு காலத்தில் கடற்கரை என்பது அன்றைக்கு என்னைத் தூக்கிப் போட்டது. ஆனால் கல்மரத்தைத் தொட்டுப் பார்த்தபோது மனம் ஏனோ ஒட்டவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் வடிவம் குலையாமல் கிடக்கிறது, உண்மைதான். இனி அது இலை உதிர்க்காது, தளிர்க்கவும் செய்யாது. வீட்டுக்கு வந்து புங்கமரத்தின் கீழ் உட்கார்ந்துகொண்டேன்.

பங்குனி உத்திரம் வரும்போது காட்டு வேலை ஓய்ந்திருக்கும். ஊருக்குள் ஏகாம்பரேசுவரர் கோவில், குன்றின் மேல் தண்டாயுதபாணி. எங்கள் முருகன் கையில் கரும்பு வைத்திருப்பார். குழந்தை பிறந்தால் கரும்பில் தொட்டில் கட்டி எடுத்துக்கொண்டு படியேறுவார்கள். தேர் இழுக்க, வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிழைக்கப் போனவர்கள் திரும்பி வருவார்கள். போன வருஷம் வந்தவருக்கு இந்த வருஷம் தலை நரைத்திருக்கும், பாவாடை கட்டிய பெண் கைக்குழந்தையோடு நிற்பாள், ஒரு வீட்டில் ஒருவர் குறைந்திருப்பார். எல்லாரும் வடத்தில் கை வைப்பார்கள். இந்த ஊரில் பிறந்ததற்காக நான் உள்ளூர நன்றி சொல்லிக்கொள்கிற நாள் அது.

2016-இல் வடகிழக்குப் பருவமழை கைவிட்டது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. எங்கள் கிணற்றில் பாறை தெரிந்தது. அப்பா அப்போது எண்பதை நெருங்கியிருந்தார். பட்டறையில் விதை இருந்தது, நட ஈரம் இல்லை. தண்ணீர் இருந்த இன்னொருவர் காட்டுக்கு அந்த விதையைக் கொடுத்தார். பணம் வாங்கவில்லை. “விதையா குடுத்தேன், விதையா திருப்பிக் குடு” என்றுதான் பேச்சு. பிறகு செவக்காட்டைத் தரிசு போட்டுவிட்டு, திருச்சியில் என் தம்பி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். காட்டை விட்டுவிட்டார் என்று ஊரில் பேசினார்கள். நானும் கலங்கித்தான் போனேன். “தரிசும் வெள்ளாமையில ஒரு வருசந்தான் தாயி” என்றார்.

அடுத்த மழைக்கு ஊருக்குத் திரும்பினார். கொடுத்த விதை விதையாகவே வந்து சேர்ந்தது. 2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியது. அமெரிக்கக் கண்டத்துப் புழு, அந்த ஆண்டுதான் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பெரம்பலூர், அரியலூர்க் காடுகள் குருத்துக் குருத்தாகப் போயின. கரிசக்காட்டில் தலைமுறையாய்ப் பழகிய எந்தக் கணக்கும் அதற்கு உதவவில்லை. அப்பா கொஞ்ச இடத்தில் சோளத்துக்கே திரும்பினார், மாட்டுக்குத் தட்டையாவது மிஞ்சும் என்று.

2019-இல் என் மகள் வேலைக்காக வெளிநாடு போனாள். அதே வருஷம் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். காலை எட்டு மணிக்கு ஓட வேண்டிய இடம் எதுவும் இல்லாத வீடு எனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது. அந்தப் பயத்தை நான் விரட்டவில்லை. இது தரிசு வருஷம் என்று வைத்துக்கொண்டேன். மகளை முதல் இரண்டு நாளும் அழைத்துத் தொந்தரவு செய்யவில்லை. மூன்றாம் நாள் அழைத்து, போதும் என்று அவளே சொல்லும் வரை பேசினேன். எதற்காக மூன்றாம் நாள் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

அந்த வருஷக் கடைசியில் வெங்காய விலை தமிழ்நாடு முழுக்க எகிறியது. எங்கள் மாவட்டத்தில் விதைக்கு வைத்திருந்த சின்ன வெங்காயம் காட்டிலேயே திருடுபோன செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு அழுதேன். பணம் திருடுபோயிருந்தால் இப்படி அழுதிருக்க மாட்டேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்போது பட்டமே பிறழ்கிறது. வைகாசி மழை வருகிறதா இல்லையா என்று நிச்சயமில்லை, கார்த்திகையில் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. பருவம் மாறுவதும் பருவம் தவறுவதும் ஒன்றல்ல. முன்னதுக்கு அப்பாயி கற்றுக்கொடுத்தது போதும். பின்னதுக்குப் பொறுமையை மட்டும் உபதேசிப்பது விவசாயிக்குச் செய்யும் அநியாயம். அவருக்கு நல்ல சேமிப்புக் கிடங்கு வேண்டும், நேரத்தில் கைக்கு வரும் பயிர்க் காப்பீடு வேண்டும், தூர்வாரிய ஏரி வேண்டும்.

நீங்கள் செட்டிகுளத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரில் இறங்கினால் மேற்கே கொஞ்ச தூரம்தான். கார்த்திகையில் போனால் நடவு பார்க்கலாம், பங்குனி உத்திரத்துக்குப் போனால் தேர் பார்க்கலாம். முடிந்தால் ஒரே வருஷத்தில் இரண்டுக்கும் போய், குன்றின் மேலிருந்து அதே காட்டை இரண்டு தடவை பாருங்கள். வழியில் பட்டறை கண்ணில் பட்டால் நின்று, காட்டுக்காரரிடம் விதைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேளுங்கள். மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார்.