நூற்றுக்கு நாற்பது கொமிஷன்: ஒரு கணக்கும் ஒரு அமானிதமும்



முன்னேஸ்வரம், சிலாபம் பக்கத்தில் நமது பிள்ளைகள் சிலர் வெளிநாடு போகாமல் வீட்டிலிருந்தே சொப்ட்வெயார் செய்து விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். என்னிடம் படித்த ஒரு தம்பி டியூஷன் வகுப்புகளுக்கு ஒன்று செய்திருக்கிறார். பிள்ளை அட்டையைக் காட்டினால் வரவு பதியும், கட்டணம் பதியும், உம்மா வாப்பாவின் போனுக்கு எஸ்எம்எஸ் போகும். மாதம் 3,000 ரூபா. நல்ல வேலை, நானே பார்த்தேன்.

போன மாதம் வந்து சொன்னார்: "சேர், நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். உங்கட பேர்ல சேர்ற ஒவ்வொரு வகுப்புக்கும் மாசாமாசம் நூத்துக்கு நாப்பது உங்களுக்கு. சேர்றவங்களுக்கும் நூத்துக்கு இருவது கழிவு குடுக்கிறன்."

நான் வேண்டாம் என்றேன். காரணம் இரண்டு. ஒன்று கணக்கு, மற்றது அமானிதம். இதே கேள்வியோடு ஊரில் இன்னும் பலர் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. வணிகக் கல்வி படிப்பிக்கிறவன் என்பதால் தம்பியைக் கொப்பி எடுத்து எழுதச் சொன்னேன். ஒரு வகுப்புக்கு மாதம் எஸ்எம்எஸ், சேர்வர், போனில் உதவி, பழுது பார்க்கப் போகும் பெற்றோல் எல்லாம் சேர்த்து 1,500 ரூபா. விலை 3,000. கழிவு 600, கொமிஷன் முழு விலையில் 1,200. கையில் மிஞ்சுவது 1,200. செலவோ 1,500. ஒவ்வொரு வகுப்பிலும் மாதம் 300 ரூபா நட்டம். பத்து வகுப்பு சேர்ந்தால் 3,000 நட்டம். வியாபாரம் வளர வளரக் கடனும் வளரும்.

"வெளிநாட்டுக் கம்பனிகள் நூத்துக்கு முப்பது குடுக்கிறாங்களே சேர்" என்றார். கொடுக்கிறார்கள்தான். அவர்களுக்கு இன்னொரு வாடிக்கையாளர் சேர்ந்தால் கூடுதல் செலவு மிகக் குறைவு. நமக்கு ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் காசு, ஒவ்வொரு பழுதுக்கும் மோட்டார் சைக்கிள். அவர்களுடைய வீதத்தை நமது செலவின் மேல் வைக்க முடியாது. இன்னொன்றையும் யோசியுங்கள். அப்பிள் தனது கடையில் விற்கப்படும் செயலிகளுக்கு நூற்றுக்கு 30 எடுத்து வந்தது. வருடம் பத்து இலட்சம் டொலருக்குள் உழைக்கும் சிறியவர்களுக்கு 2021 ஜனவரி முதல் அதை 15 ஆக்கியது. அதே வருடம் ஜூலையில் கூகுளும் முதல் பத்து இலட்சம் டொலருக்கு 15 என்றது. கடையும் கொடுத்து, காசும் வசூலித்துத் தருகிறவர்களே சிறியவர்களிடம் 15 எடுக்கும்போது, ஒரு வார்த்தை சொல்வதற்கு 40 ஏன்?

கூட்டிச் சொல்லிவிட்டுப் பிறகு குறைப்பதும் ஆபத்து. இணையத்தில் இப்படிக் கொமிஷன் கொடுப்பதை அமேசனும் 1996இல் ஆரம்பித்தது. அதை நம்பிப் பலர் தொழிலே அமைத்துக்கொண்டார்கள். 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின் நடுவே, தளபாடங்களுக்கு 8 வீதமாக இருந்ததை 3 ஆகவும் மளிகைக்கு 5 வீதமாக இருந்ததை 1 ஆகவும் குறைத்தார்கள். அமேசன் அதைத் தாங்கும். ஊரில் நாலு பேரிடம் வாக்கு மாறினால் நமது பிள்ளை தாங்குமா?

ஒருமுறை 25,000 வாங்கிக்கொண்டு விட்டுவிடலாமா என்றும் கேட்டார். அதில் கொமிஷன் 5,000 போனால் மிச்சம் 20,000. மாதம் 1,500 செலவென்றால் பதினான்காம் மாதம் கைக்காசு போடவேண்டும். 2022ஐயும் மறக்கக்கூடாது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. சேர்வர் பில் டொலரில் வருகிறது, நமது வரவு ரூபாவில். வருடத்துக்கொரு முறை விலை மாறலாம் என்று முதலிலேயே எழுதிக் கொடுக்கவேண்டும்.

கடைசியில் தம்பி இப்படி முடிவெடுத்தார். முதல் மாதம் இலவசம், அதற்குக் கொமிஷனும் இல்லை. பிறகு கைக்கு வந்த காசில் மட்டும் நூற்றுக்கு 25, பன்னிரண்டு மாதத்துக்கு. அதாவது மாதம் 750, வருடத்தில் 9,000. அழைத்து வருபவருக்கும் நல்ல காசு, தம்பிக்கும் செலவு போக முதல் வருடம் மாதம் 750, அடுத்த வருடம் 1,500. வகுப்பு மூன்றாம் மாதம் விலகினால் கொமிஷனும் நிற்கும். அதனால் பொருந்தாத வகுப்பை யாரும் பிடித்துத் தள்ளமாட்டார்கள். 50 பிள்ளைக்குக் குறைந்த வகுப்புக்கு எஸ்எம்எஸ் செலவு குறைவு என்பதால் விலையும் 1,800. எல்லோருக்கும் கழிவு கொடுப்பதைவிட இது நியாயம்.

இனி அமானிதம். தரகு ஹராம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஸஹீஹுல் புகாரியில் தரகுக் கூலிக்குத் தனித் தலைப்பே உண்டு. இப்னு ஸீரீன், அதாஉ, இப்ராஹீம், ஹஸன் ஆகியோர் அதில் தவறு காணவில்லை என்று அங்கே பதிவாகியிருக்கிறது. நமது பக்கத்தில் தேங்காய் விற்றவர்களுக்கும் தரகர் புதியவரல்ல. அவர் தரகர் என்பது வாங்குபவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். கூலி ஒளிந்திருப்பதில்தான் பிரச்சினை. அமெரிக்காவில்கூட, காசு வாங்கிக்கொண்டு பொருளைப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று வர்த்தக ஆணைக்குழு விதித்திருக்கிறது.

ஆசிரியரின் நிலை இதிலும் வேறு. எங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் "எந்த வகுப்பு நல்லம் சேர்?" என்று கேட்கிறார்கள். மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியர்களும் யோசனை கேட்கிறார்கள். என் பதில் தங்கள் நன்மைக்கானது என்று நம்பித்தான் கேட்கிறார்கள். அந்தப் பதிலில் எனக்கு மாதம் 750 ரூபா இருந்தால், நான் உண்மையே சொன்னாலும் அவர்கள் கேட்ட யோசனை அதுவல்ல. அதனால் சும்மாவே சொல்கிறேன்: பொருள் நல்லது, ஒரு மாதம் பாவித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள்.

போன் கடை, கொமியுனிகேஷன் வைத்திருக்கும் நானாமார் தாராளமாக இந்தக் கொமிஷனை எடுக்கலாம். அது உங்கள் தொழில். "எனக்கு இதில் ஒரு பங்கு கிடைக்கும்" என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்ல வெட்கமாக இருந்தால் அந்தக் கொமிஷன் கூடிப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

சொப்ட்வெயார் செய்யும் தம்பி தங்கச்சிமாரே, வீதத்தை அறிவிக்க முன் ஒரு கொப்பியில் விலை, செலவு, கழிவு, கொமிஷன் நான்கையும் எழுதிக் கழித்துப் பாருங்கள். கணக்கில் உதவி தேவையென்றால் அஸருக்குப் பிறகு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் சேர்ந்து பார்ப்போம். அதற்கு கொமிஷன் இல்லை.