ஹோமோசாசாவின் கரும்பாலை

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி ஓடும் சிற்றாறு ஹோமோசாசா. சுண்ணாம்புப் பாறை இடுக்குகளிலிருந்து பொங்கும் ஊற்றுகளில் பிறந்து, சுமார் 13 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. ஊற்றுநீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 23 டிகிரி செல்சியஸ். நீர் 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் தாங்கமுடியாத மனாட்டிகள் குளிர்காலத்தில் இங்கே கூட்டமாக வந்து ஒதுங்குகின்றன. பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவுக்கு இவை உறவுதான். ஆனால் ஆவுளியா கடலைவிட்டு வராது, மனாட்டி நன்னீருக்குள்ளும் ஏறிவரும்.

இங்கு வருவோரில் பலருக்கு மனாட்டியைப் பார்த்தாலே போதும். ஆனால் அருகிலேயே, ஊற்றுகளைத் தாங்கும் அதே சுண்ணாம்புக்கல்லால் கட்டிய ஓர் ஆலை இடிந்து கிடக்கிறது. உயரமான புகைபோக்கி, நீராவிக் கொதிகலன், துருவேறிய பற்சக்கரங்கள், கரும்பு பிழியும் இரும்பு உருளைகள், சாறு காய்ச்சிய கொப்பரைகள் ஆகியவை எஞ்சியிருக்கின்றன. உருளைகளை நீராவி எந்திரம் சுழற்றியது. பிழிந்த சாறு கொப்பரைக்குக் கொப்பரை மாறி, வற்றி, சர்க்கரையாகவும் பாகாகவும் ஆனது. வெட்டிய கரும்பும் பிழிந்த சாறும் நாள்பட்டால் கெட்டுவிடும். ஆகவே அறுவடைக் காலத்தில் இத்தகைய ஆலைகளில் அடுப்பு அணையாது. இரவும் பகலும் வேலை நடக்கும். அந்த வேலையைச் செய்தவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க வம்சாவளியினர். எந்திரத்தின் நேர்த்தியை வியப்பவர்கள் இதை மறந்துவிடுவது எளிது.

ஆலையை 1851-ல் தொடங்கியவர் டேவிட் லெவி யூலி. கரீபியத் தீவான செயின்ட் தாமஸில் 1810-ல் பிறந்தவர். தந்தை மொராக்கோவிலிருந்து வந்த யூத வணிகர். ஃப்ளோரிடா 1845-ல் மாநிலமானபோது செனட்டரானார். அமெரிக்க செனட்டில் இடம்பெற்ற முதல் யூத வம்சாவளியினர் இவரே. அடிமைமுறையின் தீவிர ஆதரவாளரான இவர், ஃப்ளோரிடா அமெரிக்க ஒன்றியத்தைவிட்டு விலகியதும் 1861 ஜனவரியில் பதவி துறந்தார். அவருடைய இன்னொரு முயற்சி, மாநிலத்தைக் குறுக்கே கடந்து ஃபெர்னாண்டினாவையும் சீடர் கீயையும் இணைத்த ரயில்பாதை. தொடர்ந்து வந்த உள்நாட்டுப் போரின் தேவைக்காக அதன் தண்டவாளங்களைப் பெயர்க்க, பிரிந்துபோன தென் மாநிலங்களின் அரசு முற்பட்டபோது, தாம் ஆதரித்த அந்த அரசையே எதிர்த்து வழக்காடினார். கொள்கையைவிட இரும்பு அவருக்குப் பெரிதாக இருந்தது போலும்.

உள்நாட்டுப் போரின்போது தென்தரப்புப் படைகளுக்கு இந்த ஆலையிலிருந்து சர்க்கரை போனது. 1864 மே மாதம் ஒன்றியக் கடற்படையினர் ஆற்றின் வழியாக வந்து, டைகர் டெயில் தீவில் இருந்த யூலியின் வீட்டைக் கொளுத்தினர். உள்ளே தள்ளியிருந்த ஆலைக்குச் சேதம் இல்லை. ஆனாலும் அந்த ஆண்டோடு அது நின்றுவிட்டது. போருக்குப்பின் யூலி ஜார்ஜியாவின் புலாஸ்கி கோட்டையில் சிறை வைக்கப்பட்டு, 1866-ல் விடுதலையாகி, 1886-ல் நியூயார்க்கில் இறந்தார்.

சர்க்கரைக்குப்பின் ஹோமோசாசாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது மீன். தூண்டில் போட வந்த ஓவியர் வின்ஸ்லோ ஹோமர், 1904-ல் இந்த ஆற்றை நீர்வண்ணத்தில் தீட்டினார். ஆலை இடிபாடு 1970-ல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. இன்று அது மாநிலப் பூங்கா. யூலியின் தோட்டம் 5,100 ஏக்கர். பூங்காவுக்குள் இருப்பது சுமார் 6 ஏக்கர்.