குனிஞ்சு பார்த்தாத்தான் தோட்டம்!

கிரீஸ் நாட்டின் சான்டோரினித் தீவுக்குப் போகிறவர்கள் வெள்ளை வீடு, நீலக் கூண்டு வைத்த சர்ச், சூரிய அஸ்தமனம் மூன்றையும் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நான் போனது ஒயின் புட்டி தேட. உடனே முகத்தைச் சுளிக்காதீர்கள், எனக்காக இல்லை! என்னோடு பி.காம். படித்தவன் லண்டனில் ஆடிட்டர். சிலர் தபால்தலை சேர்ப்பார்களே, அதுபோல் இவன் ஒயின் சேர்க்கிறான். கடையில் கிடைப்பதைத் தொடமாட்டான். யாருக்கும் கிடைக்காததுதான் வேண்டும்.

தீவே ஓர் எரிமலையின் மிச்சம். சுமார் 3600 வருடங்களுக்கு முன் வெடித்து, நடுப்பகுதி கடலுக்குள் போய்விட்டது. மிஞ்சிய விளிம்பில்தான் ஊர்கள். ஆறு கிடையாது, கோடையில் மழை கிடையாது. காற்று மட்டும் தாராளம். வேட்டி கட்டியவர் தெருவில் இறங்கினால் மானம் போய்விடும்!

பிர்கோஸ் கிராமத்தின் பக்கம் நண்பன் காரை நிறுத்தினான். சாம்பல் நிறப் பொட்டல்.

"தோட்டம் எங்கடா?"

"உன் காலடியிலதான் இருக்கு. குனிஞ்சு பாரு."

தரையோடு தரையாக, ஏதோ பெரிய பறவை கட்டிய கூடுகள் மாதிரி திராட்சைக் கொடிகள்! கொடியையே வளைத்து வளைத்துக் கூடையாகப் பின்னியிருக்கிறார்கள். 'குலூரா' என்று பெயர். பழம் கூடைக்குள் பத்திரமாக இருக்கும், காற்றும் வெயிலும் வெளியே அடித்துக்கொண்டிருக்கும். ராத்திரி கடலிலிருந்து வரும் ஈரத்தை நுரைக்கல் மண் உறிஞ்சி வைத்துக்கொண்டு வேருக்குக் கொடுக்கிறது. மெஷின் நுழைய வழியில்லை. எல்லாம் கைவேலை, முதுகு வேலை.

இந்த மண்ணுக்கு இன்னொரு பெருமை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்ற அசுவினி மாதிரிப் பூச்சி, ஐரோப்பாவின் திராட்சை வேர்களையெல்லாம் தின்று தீர்த்தது. கடைசியில் அமெரிக்க வேரில் ஒட்டுப்போட்டுத்தான் பிழைத்தார்கள். களிமண்ணே இல்லாத இந்த எரிமலை மணலில் அந்தப் பூச்சியால் வாழ முடியவில்லை. இங்கே ஒட்டு இல்லாத சொந்த வேர்! கூடை கிழடாகிக் காய்ப்புக் குறைந்தால் மேலே வெட்டிவிடுகிறார்கள். பழைய வேரிலிருந்தே புதுக் கொடி கிளம்புகிறது. அதனால் கொடிக்கு ஒரு வயசு, வேருக்கு ஒரு வயசு.

நிலத்துக்காரர் ஒரு பெரியவர். பாறையைக் குடைந்த 'கனாவா' என்ற நிலவறைக்கு அழைத்துப் போய் வின்சான்டோவை ஊற்றினார். அசிர்டிகோ முதலான வெள்ளைத் திராட்சைகளை ஒன்றிரண்டு வாரம் வெயிலில் வடகம் மாதிரி காயவைத்துப் பிழிந்து, மரப் பீப்பாயில் குறைந்தது இரண்டு வருடம் வைப்பது. இருபது, முப்பது வருடம் தாங்கும். ஒரு காலத்தில் ரஷ்ய சர்ச்சுகளின் பூஜைக்குக் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது. 1917 புரட்சியோடு அந்த வியாபாரம் படுத்தது.

கருப்பட்டிப் பாகு நிறம். இனிப்பு தொண்டையில் இறங்குவதற்குள் எலுமிச்சைப் புளிப்பு வந்து நாக்கைத் துடைத்துவிடுகிறது. (என் மனைவிக்கு: அரை அவுன்ஸ்தான்!) கிரேக்கச் சரக்கு நமக்குப் புதுசும் இல்லை. கோஸ் தீவு வகை ஒயின் ஜாடிகளின் ஓடுகள் நம் அரிக்கமேட்டு மண்ணிலேயே கிடைத்திருக்கின்றன.

நண்பன் தேடியது வேறு. மாவ்ரோட்ராகனோ என்ற கறுப்புத் திராட்சை ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. பாரிஸ் சிகாலாஸ், ஹரிடிமோஸ் ஹட்ஸிடாகிஸ் என்று இரண்டு பேர் 1990-களில் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். ஹட்ஸிடாகிஸ் 2017-ல் இறந்துபோனார். அவர் கையால் செய்த பழைய புட்டிகளைத்தான் சேகரிப்பவர்கள் வலைவீசித் தேடுகிறார்கள். பெரியவர் எங்கிருந்தோ ஒன்றே ஒன்றை எடுத்து வந்தார். நண்பன் பேரம் பேசவில்லை. ஆடிட்டர் பேரம் பேசாமல் பணம் எடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

எனக்கோ வேறு கணக்கு ஓடியது. இந்த மண்ணில் மகசூல் கொஞ்சம். 2023, 2024 இரண்டு வருடமும் வறட்சியும் வெயிலும் சேர்ந்து அந்தக் கொஞ்சத்தையும் குறைத்தன. பக்கத்திலேயே கடல் பார்த்த ஓட்டல் அறை. ஒரு ராத்திரி வாடகைக்கு எத்தனை கூடை பழம் பறிக்க வேண்டும்? வேரின் வயசை எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் எழுத இடமில்லை. கொடி இருந்த இடத்தில் கட்டடம் முளைப்பது ஏன் என்று அந்தப் பொருளாதாரம் படிக்காதவர்களுக்கும் புரியும். புட்டி அபூர்வமாக அபூர்வமாக நண்பன் மாதிரி ஆட்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அபூர்வம் என்றால் இங்கே தோட்டம் குறைகிறது என்று அர்த்தம்.

"உங்களுக்கு அப்புறம் இதையெல்லாம் யார் பார்ப்பாங்க?" என்று நண்பன் மூலமாகக் கேட்டேன்.

மகன் ஓட்டலில் வேலை செய்கிறானாம். ஆகஸ்டில் பழம் பறிக்க மட்டும் வருவானாம்.

"ஆகஸ்டுலதானே டூரிஸ்டுங்க குவியறாங்க? லீவு தருவாங்களா?"

பெரியவர் என் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தார்.

"ரெண்டு வருஷமாத் தரலை."