எத்தனை அங்குலம்?

பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் துப்பாக்கியைப் பற்றி எழுதப் புகுந்தால் நேயர்கள் புன்னகை புரிவது நியாயந்தான். பிரம்பையே 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் நம் கையிலிருந்து வாங்கிக்கொண்டுவிட்டது. அப்படியிருக்க, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் மனு எழுதுவதில் வந்தது. நாலு எழுத்துப் படித்தவன் என்று பெயர் வாங்கியவன் ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்காமல் தப்பிக்க முடியாது.

நாம் இருப்பது நெய்வேலி நகரியத்தில். 1956-ஆம் வருஷத்தில் நிலக்கரிக் கம்பெனி ஏற்பட்டு, மறுவருஷம் நேருஜி வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அதற்கு முன் இங்கே இருந்தது செம்மண் மேடும் முட்புதரும் முந்திரித் தோப்புமே. இன்று நகரியத்துக்குள் வட்டம் வட்டமாக வீடுகளும், நிழல் தரும் சாலைகளும், அச்சமின்றி உலாவும் மயில்களும் உண்டு. ஆனால் எல்லையைத் தாண்டிப் பண்ணுருட்டிப் பக்கமோ விருத்தாசலம் பக்கமோ நாலு மைல் போனால் மறுபடியும் முந்திரிதான். போர்த்துக்கீசியர் பிரேஸில் தேசத்திலிருந்து கொண்டுவந்த இந்த மரம் நம் செம்மண்ணைக் கண்டதும் தாய்வீட்டுக்கு வந்தாற்போல் வேரூன்றிவிட்டது. தோப்பைச் சாலையிலிருந்து பார்த்தவர்களுக்கு அதன் குணம் தெரியாது. முந்திரிக்குக் கிளைகள் மேலே போவதைவிடப் பக்கவாட்டில் போவதிலேதான் ஆசை. தரையைத் தொட்டுக்கொண்டு படரும். உள்ளே நுழைகிறவன் குனிந்துதான் நடக்கவேண்டும். பத்தடிக்கு அப்பால் நிற்பது பன்றியா, பசுவா, பக்கத்து வீட்டுக்காரரா என்று பகலிலேயே சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட தோப்பு ஒன்றுக்கு இராக்காவல் இருப்பவர் நம்முடைய மாணவன் ஒருவனின் தாத்தா. நரிக்குறவர் வகுப்பினர், எண்பதை நெருங்குகிறார். பயிர்ப் பாதுகாப்புக்கென்று நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர். லைசென்ஸைப் புதுப்பிக்கும் மனுவோடு ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தார். மனு எழுதி முடிந்தது. எழுந்து போகாமல் நின்றார்.

"இன்னும் ஏதாவது உண்டா, பெரியவரே?" என்றோம்.

"ஒரு ரோசனை கேக்கணும் சாமி. எங்கப்பன் வச்சிருந்த துப்பாக்கி அது. நீளம் சாஸ்தி. தோப்புக்குள்ள திருப்பினா கிளையில மாட்டிக்குது. போன மாசம் பன்னி நாலு முழத்துல வந்து நிக்குது, எனக்குக் குழாயை விடுவிக்க முடியல. கொல்லன்கிட்டக் குடுத்து ஒரு அடி அறுத்துப்புடலாம்னு மவன் சொல்றான். அறுக்கலாமா சாமி?"

அறுத்தால் வரும் விபரீதம் அவருக்குத் தெரியாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவு, தனி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கிக் குழலைக் குறைப்பது குற்றம் என்கிறது. தண்டனை ஐம்பது ரூபாய் அபராதமல்ல. பல வருஷச் சிறைவாசம். கொல்லனுக்கும் அதே கதிதான். "அறுக்கவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். ஆனால் குட்டையான துப்பாக்கி வேண்டும் என்று அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம் குட்டையாகவே செய்த துப்பாக்கியை முறைப்படி வாங்கலாம். கேள்வி எத்தனை அங்குலம் என்பதுதான்.

இந்தக் கேள்வியைப் பெரிய பெரிய சர்க்கார்களே யோசித்திருக்கின்றன. 1857-ஆம் வருஷத்துப் புரட்சிக்குப் பொறியாக அமைந்த கொழுப்புத் தோட்டா எந்தத் துப்பாக்கிக்காக வந்ததோ, அந்த என்பீல்டும் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியே. காலாட்படைக்குக் கொடுத்ததன் குழல் 39 அங்குலம். அதையே குறுக்கி 33 அங்குலத்தில் ஒன்று செய்தார்கள். பீரங்கிப் படையாருக்கு 24 அங்குலத்தில் இன்னொன்று. பீரங்கிக்காரனுக்கு இரண்டு கையிலும் வேலை இருக்கும். முதுகில் தொங்கும் நீண்ட துப்பாக்கி அவனுக்கு இடைஞ்சல். முந்திரித் தோப்புக் காவற்காரரின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். ஒரு கையில் விளக்கு, மறு கையில் கிளை.

நம் தேசத்தாருக்கு எந்தத் துப்பாக்கி வசதி என்று யோசிக்கும் பாக்கியம் வெகுகாலம் கிட்டவில்லை. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட 1801-ஆம் வருஷத்திலேயே தென்பாளையங்களில் ஆயுதங்களைப் பறிமுதல் செய்தார்கள். 1878-இல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் தேசம் முழுவதையும் நிராயுதபாணியாக்கிற்று. அகிம்சா மூர்த்தியான காந்தியடிகளே அந்தச் சட்டத்தை மிகக் கடுமையாகக் கண்டித்து எழுதியிருக்கிறார். 1931-இல் கராச்சிக் காங்கிரஸ் பிரஜைகளின் உரிமைகளை வரிசைப்படுத்தியபோது, விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தது. குடகு தேசத்தார் மட்டும் 1861 முதலே விலக்குப் பெற்றவர்கள்.

பெரியவருடைய துப்பாக்கியைத் திண்ணையில் கிடத்திப் பள்ளிக்கூடத்து அளவு நாடாவால் அளந்தோம். குழல் மட்டும் 44 அங்குலம். கட்டையோடு சேர்த்து ஐந்து அடி. பெரியவரே ஐந்து அடிக்கு மேல் இரண்டு அங்குலந்தான்!

இவ்வளவு நீளத்துக்குக் காரணம் உண்டு. கருமருந்து நிதானமாகவே எரியும். எரிந்து வாயுவாகி ரவைகளைத் தள்ள அதற்கு இடம் வேண்டும். ஆகையால் நீண்ட குழலில் வேகம் கொஞ்சம் அதிகம். பின்னும், குறிபார்க்கும் முளை கண்ணுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குக் குறி துல்லியமாகும். கணக்குப் பாடம் நடத்துகிறவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள்: முளையின் தூரத்தைப் பாதியாக்கினால், அதே நூலளவு பிசகு இலக்கில் இருமடங்காகும். வெட்டவெளியில் கௌதாரி அடிப்பவனுக்கு இவை இரண்டும் பெரிய லாபம். புதருக்குள் இரண்டும் சூனியம். பத்து கஜத்துக்கு மேல் கண்ணே எட்டாத இடத்தில் நாற்பது கஜத்துக் குறி எதற்கு?

குழல் குட்டையானால் ரவைகள் முறம் வீசினாற்போல் சிதறும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் அது கட்டுக்கதை. குழலின் வாய் சற்றே குறுகலாகச் செய்யப்பட்டிருந்து, அந்தப் பாகத்தை அறுத்துவிட்டால் சிதறுவது உண்மை. நாட்டுத் துப்பாக்கிக் குழலோ அடிமுதல் நுனிவரை ஒரே அகலம். அதில் நீளத்தால் பெரிய மாறுதல் இல்லை.

குட்டைத் துப்பாக்கியின் அபாயம் வேறொன்று. சுடும்போது இல்லை, கெட்டிக்கும்போது. நீண்ட துப்பாக்கியைத் தரையில் நிறுத்தினால் வாய் முகத்தளவு உயரத்தில் நிற்கும். தலையைப் பக்கவாட்டில் விலக்கிக்கொண்டு மருந்து போடலாம். குட்டையானது வயிற்றளவில் நிற்கும். போடுகிறவன் அதன் வாய்மேல் கவிழ்ந்துகொண்டே போடவேண்டும். முன் வெடியின் கங்கு ஒன்று உள்ளே ஒளிந்திருந்தால் அடுத்த மருந்து விழும் கணத்தில் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. சுட்டபின் சற்றுப் பொறுக்கவேண்டும். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டாமல் அளவுச் சிமிழில் எடுத்துக் கொட்டவேண்டும். கேப்பை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைக்கவேண்டும். இவற்றையெல்லாம் நாம் புத்தகத்தில் படித்தோம். பெரியவரோ தகப்பனாரிடம் அடி வாங்கிக் கற்றார். அவருடைய பாடந்தான் மறக்காத பாடம் என்று தோன்றுகிறது.

நாம் படிக்காத இன்னொன்றையும் அவர் சொன்னார். மருந்துக்கு மேல் அடைக்கும் தேங்காய் நார், வெடித்ததும் நெருப்போடு வெளியே போய் விழும். பங்குனி சித்திரையில் முந்திரித் தோப்புத் தரை முழுவதும் காய்ந்த சருகு. குட்டைக் குழலில் தீநாக்கும் கொஞ்சம் அதிகமாக வெளியே நீளும். "பன்னிய வெரட்டப் போயி தோப்பைக் கொளுத்திட்டா மொதலாளி நம்மள வெரட்டிப்புடுவாரு சாமி." அதனால் அந்த மாதங்களில் அவர் பாதையோரத்து வெறுந்தரையில் நின்று, வானத்தைப் பார்த்தே வெடிப்பாராம்.

வானத்தைப் பார்த்துத்தான், பன்றியைப் பார்த்து அல்ல. இளமையில் இதே புதர்களில் முயலும் காடையும் அடித்தவர் அவர். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தத் தொழில் போயிற்று. அதன்பின்னும் காக்கை, எலி, பழந்தின்னி வௌவால் என்று சிலவற்றைத் தொல்லைப் பிராணிகளாகத் தனி அட்டவணையில் ஒதுக்கியிருந்தார்கள். 2022-ஆம் வருஷத்துத் திருத்தத்தில் அந்த அட்டவணையும் நீங்கியது. பயிரைக் கெடுக்கும் காட்டுப்பன்றியைக் காப்புக்காட்டுக்கு வெகு தூரத்தில் சுடத் தமிழ்நாட்டு சர்க்கார் 2025-இல் வழிசெய்தபோதும், சுடும் அதிகாரம் வனத்துறையாருக்கே. ஆக, பெரியவருடைய துப்பாக்கி வாயிலிருந்து இப்போது வருவது வெறும் சத்தமும் வெள்ளைப் புகையுமே. தலைமுறை தலைமுறையாக வேட்டையை நம்பியிருந்த வகுப்பார் அதை இழந்து ஐம்பது வருஷம் கழித்தே பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். இடையிலே போன ஐம்பது வருஷத்துக்கு அவர்கள் பாசிமணியும் ஊசியும் விற்றுப் பதில் தேடிக்கொண்டார்கள்.

சத்தத்துக்கு மட்டும் என்றால் எந்த நீளமும் போதுமே என்று நேயர்கள் நினைக்கலாம். நாமும் அதைத்தான் சொன்னோம். வியாபாரியிடம் 24 அங்குலக் குழலில் ஒன்றும் 30 அங்குலத்தில் ஒன்றும் இருந்தன. இதே ஆயுதச் சட்டம், தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்கும் மழுங்குகுழல் துப்பாக்கிக்கு 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் வேண்டுமென்கிறது. பயிர்க்காவலுக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைச் சொல்லும் இடத்தில் அங்குலக் கணக்கே பேசவில்லை. இரண்டில் எதை எடுத்தாலும் குறுக்கே நிற்பாரில்லை. தோப்புக்கு 24-தான் தகும் என்று கையில் தூக்கிப் பார்த்தே சொன்னோம். கனம் பின்கைக்கு அருகிலேயே நின்றது. திருப்பினால் சிட்டாய்த் திரும்பிற்று.

பெரியவர் இரண்டையும் தரையில் நிறுத்திப் பார்த்தார். தோளில் வைத்துக் குறிபார்க்கவே இல்லை. மருந்து போடுகிறாற்போல் ஒருமுறை குனிந்தார், நிமிர்ந்தார். மறுமுறை குனிந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் குட்டைக்கு ராத்திரி நாலு தடவ குனியணும் சாமி. நெட்டைக்குக் குனிய வேணாம், ஆனா கிளை விடாது. நடுவுல இருக்கிறதை எளுதுங்க."

மனுவின் கீழே 30 அங்குலம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அப்பனுடைய 44 அங்குலத்தை வியாபாரி ரசீது கொடுத்து வாங்கி உள்ளே வைத்தார். பேரன் ரசீதை இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டியபின்பே பெரியவர் படியிறங்கினார்.