காற்றும் பாரமும்

டயரில் காற்று நிறைந்திருந்தால்தான் வாகனம் நன்றாக ஓடும் என்ற நம்பிக்கை தார் வீதிக்கு மட்டுமே பொருந்தும். பசறையிலிருந்து லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் பிரதான வீதியை விட்டுத் தோட்டப் பக்கம் திரும்பினால், பல இடங்களில் கல் பதித்த பாதைதான். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அந்தக் கற்கள்மீது சேறு படிந்துவிடும்.

செய்தி சேகரிக்கச் சென்ற நாளொன்றில் தோட்டத்து ஜீப் சாரதி ஒருவர் ஏற்றத்தின் அடியில் வண்டியை நிறுத்தி, நான்கு டயர்களிலும் காற்றை இறக்கினார். "இறுகின டயர் கல்லுல துள்ளும் சேர், தளர்ந்த டயர் கல்லைப் பிடிச்சிக்கிரும்" என்றார்.

அவர் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. 32 இறாத்தல் அழுத்தத்தை 20 அளவுக்குக் குறைத்தால், டயர் தரையில் படியும் பரப்பு நீள்கிறது, பிடிப்புக் கூடுகிறது, குலுக்கல் குறைகிறது. 1930களில் லிபியப் பாலைவனத்தைக் கார்களில் கடந்த ஆங்கிலேய இராணுவ அதிகாரி றால்ஃப் பாக்னோல்டும் மணலில் இதே உபாயத்தைக் கையாண்டார்.

ஆனால் இதற்கு எல்லை உண்டு. அளவுக்கு மீறிக் குறைத்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். மெதுவாகவே ஓட்ட வேண்டும். தார் வீதிக்கு வந்ததும் மறுபடி காற்றடிக்க வேண்டும். தவறினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி டயர் வெடிக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாரத்தைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்றே. நிறைபாரம் ஏற்றிய வாகனத்தில் அதை இறக்குவது ஆபத்து.

என்னை உறுத்துவது இந்தக் கடைசி விதிதான். கொழுந்து மூட்டைகளோடு இறங்கும் லொறிக்கும், ஆட்களை நெருக்கி ஏற்றிய ட்ரக்டர் பெட்டிக்கும் இந்தச் சலுகை கிடையாது. இறுகிய டயரின் ஒவ்வொரு குலுக்கலும் உள்ளே இருப்பவரின் உடம்பில்தான் இறங்கும். அவர் பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண்ணாகவும் இருக்கலாம்.

தோட்டங்களுக்குள் பிரதேச சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்ற, 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. முப்பத்தோர் ஆண்டுகள். அத்தனை காலமும் பாதையின் குறையைச் சாரதியின் கைத்திறனே ஈடுசெய்தது. அந்தத் திறனை நான் மதிக்கிறேன். ஆயினும், வெறும் ஜீப்புக்கு உதவும் அந்த உபாயத்தைக் காரணம் காட்டி, பாரம் சுமப்பவர்களுக்குரிய பாதையை இனியும் தள்ளிப்போட முடியாது.